எந்தக் குரலில்

மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கடிதத்தின் தலையில் நம் வீட்டில் வழக்கமாக எழுதும் வார்த்தையை எழுதவில்லை, கவனித்திருப்பாய். மறதி இல்லை. பேனாவை வைத்தேன், கை போகவில்லை.

நலமா? அத்தை எப்படி இருக்கிறார்கள்? உன் அண்ணனை அடக்கம் செய்த மாதமே உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீடு மாற்றிப் போனாய். ஏழு மாதமாக உங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு தடவை நீ போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, யார் போனையும் எடுப்பதில்லை. எனக்கு ஹலோ சொல்லிப் பழக்கமில்லை. எடுக்கும்போதும் "ஸ்தோத்திரம்", வைக்கும்போதும் "ஸ்தோத்திரம்". கல்யாணமாகி வந்த புதிதில் நீயே கேலி செய்வாய், அண்ணி ராங் நம்பருக்குக்கூட ஸ்தோத்திரம் சொல்கிறாள் என்று. அந்த வாயை வைத்துக்கொண்டு இனி எப்படிப் போனை எடுப்பது?

வேலையிலும் இடம் மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டேன். பேருந்து நிலையத்தில் பதினெட்டு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்தவள், இப்போது தொலைந்த பொருள் கவுண்டரில் இருக்கிறேன். குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு. போன வாரம் ஒரு பல்செட் வந்தது. வாயில் இருப்பதை எப்படித் தொலைப்பார்கள் என்று நீ வேலை பார்க்கிற பல் டாக்டரிடம் கேட்டுச் சொல்.

சுற்றி வளைக்கிறேன், தெரிகிறது. விஷயத்துக்கு வருகிறேன். அன்று காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நீ சமையலறையில் இருந்தாய், உன் அண்ணனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு. நர்ஸ் சொன்னாள், "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாருங்க." நான் "ஸ்தோத்திரம்" என்றேன். திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை, வாசல் கதவு திறந்து கிடந்தது.

அந்த நர்ஸ் நம் சபைக்காரிதான். அவள் பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அதைப் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். கணவன் இறந்த செய்தியைக் கேட்ட நொடியிலும் ஆண்டவரைத் துதித்த சகோதரி நம் நடுவில் இருக்கிறாள் என்றார். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து என்னை ஏதோ பெரிய ஆள் மாதிரி நடத்துகிறார்கள். ஒருத்தி தன் மகளைக் கூட்டிவந்து, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுங்கள் என்றாள். மே மாதம் பத்தாம் தேதி பெண்கள் கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள்.

சின்னவளே, பக்கத்தில் இருந்தவள் நீ ஒருத்திதான். உண்மையைச் சொல். நான் அதை எந்தக் குரலில் சொன்னேன்? வழக்கமாக வாயில் வருகிற குரலா, அழுகிற குரலா, இல்லை, விட்டது தொல்லை என்கிற குரலா? எனக்கே தெரியவில்லை. தெரியாமல் என்னால் முழங்கால் போட முடியவில்லை.

பதில் எழுது.

உன் அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா நலம். சாப்பிடுகிறாள், மாத்திரை ஒழுங்காகப் போகிறது.

பல்செட்டை யாரும் தொலைப்பதில்லை. ஈறு வலிக்கிறது என்று கழற்றிப் பையில் வைப்பார்கள், பையை விட்டுவிட்டு இறங்குவார்கள். டாக்டர் சொன்னது.

நோட்டீஸ் எனக்கும் வந்தது. போட்டோவில் நன்றாக இருக்கிறீர்கள். அண்ணன் செத்து உங்களுக்கு ஒரு மேடை கிடைத்திருக்கிறது. இதை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அடிக்கவும் மாட்டேன்.

நீங்கள் கேட்டதைத் திரும்பக் கேட்காதீர்கள். இங்கே வரவும் வேண்டாம்.

சின்னவள்


மார்ச் 28

அன்புள்ள சின்னவளுக்கு,

நல்ல அடி. எனக்கு வேண்டியதுதான். சபையில் எல்லாரும் பூப்போலப் பேசுகிறார்கள், ஒருத்தியாவது திட்டினாளே என்று உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

வரச் சொல்லாத வீட்டுக்கு வரமாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாஸ்டரிடம் சொன்னால் அதையும் பிரசங்கமாக்கிவிடுவார், உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன் அண்ணன் படுத்திருந்த மூன்று வருடத்தை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் உள்ள லிப்டையெல்லாம் பழுது பார்த்து ஏற்றி இறக்கின மனுஷன், கட்டிலிலிருந்து தானாக எழ முடியவில்லை. அந்தக் கோபம் யாரிடம் போகும்? என்னிடம்தான் வந்தது. கட்டில் கம்பியில் ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டுவார். நான் ஓட வேண்டும். ஓடின வேகம் போதாவிட்டால் தட்டு பறக்கும். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. நான் எவ்வளவு களைத்திருந்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள், அதுதான் கடைசி நாள், காலை ஏழு மணிக்கு வராந்தாக் குழாயில் அவருடைய டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மருந்தை என் முகத்தில் துப்பியிருந்தார். முகத்தையும் அதே தண்ணீரில் கழுவிக்கொண்டு, "போதும் ஆண்டவரே, எடுத்துக்கோங்க. எங்க ரெண்டு பேர்ல யாரையாவது எடுத்துக்கோங்க" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். பிறகு குளித்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். பதினொரு மணிக்குப் போன் வந்தது.

மூன்று வருடம் சபையே கூடி அவருக்குச் சுகம் கேட்டோம், நடக்கவில்லை. நான் தனியாக ஒரே ஒரு தடவை கேட்டது நாலு மணி நேரத்தில் நடந்தது. இனி எதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரும்? ஆண்டவர் கேட்கவில்லை என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டுவிட்டார் என்று நடுங்குகிறவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

வீட்டிலும் இருக்க முடியவில்லை. வாடகைக்கு எடுத்த கட்டிலைத் திருப்பிக் கொடுத்து மாதக்கணக்காகிறது, பகல் வெளிச்சத்தில் அந்த இரண்டு தட்டு கேட்கிறது. "இதோ வர்றேன்" என்று எழுந்து பாதி தூரம் போய்விடுகிறேன். லீவு நாளில் பதினொரு மணிக்கு நடையில் என் குரலே அந்த வார்த்தையைச் சொல்கிறது. வேலைக்குப் போனால் அது அங்கேயும் வருகிறது. பழைய அறிவிப்புகள் பதிவில் இருக்கின்றன அல்லவா, என் தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு அறிவிப்பு முடிந்ததும் அடுத்து அந்த வார்த்தை வருமோ என்று கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

கேட்காதே என்றாய். மறுபடியும் கேட்கிறேன். எந்தக் குரலில் சொன்னேன்?

உன் அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

என் வேலை நாள் முழுக்க "வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்வது. இன்று என் வாயை நானே திறக்கிறேன்.

சந்தோஷமான குரல். கேட்டீர்களே, இதுதான் பதில். எனக்கு உங்கள் முதுகு மட்டும் தெரிந்தது. "ஆமா, நான்தான்" என்றீர்கள், "சொல்லுங்க" என்றீர்கள், அப்புறம் பளிச்சென்று "ஸ்தோத்திரம்." அண்ணன் தேறிவிட்டான் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? கஞ்சியை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வீடு வரை இரண்டு தெருவும் ஓடினேன். அம்மா மாவரைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அண்ணனுக்குச் சுகமாயிடுச்சு" என்றேன். அம்மா கையைக்கூடக் கழுவாமல் முழங்கால் போட்டாள். நானும் போட்டேன். இரண்டு பேரும் சத்தம் போட்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பாஸ்டரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். அடக்கத்துக்கும் வந்தாள், உங்களுக்கு நினைவிருக்கும், ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. உங்கள்மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. மறுநாள் காலையில் எழுந்து, "ஆண்டவரே, என் பிள்ளையைச் சுகமாக்கினீங்களே" என்று ஜெபித்தாள். இரண்டாவதாகச் சொன்னதைத் தலை வாங்கிக்கொள்ளவில்லை, முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் வயது என்கிறார். அடக்கத்துக்கு வந்தவர்கள் அம்மாவிடம் துக்கம் பேசிப் பேசிக் குழப்பினார்கள், அதனால்தான் வீடு மாற்றினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மா என்னைப் பக்கத்தில் முழங்கால் போட வைத்து அண்ணனுக்குச் சுகம் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறாள். நான் ஆமென் சொல்கிறேன். பொய்க்கு ஆமென் சொல்கிறவளுக்குச் சபையில் என்ன வேலை என்று ஆராதனைக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

உங்கள் குரலை நம்பித்தான் ஓடினேன், அண்ணி. அதை மன்னிக்க முடியவில்லை. ஒரு நிமிடம் நின்று உங்கள் முகத்தைப் பார்த்திருக்கலாம். அதையும் மன்னிக்க முடியவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 24

அன்புள்ள சின்னவளுக்கு,

வரச் சொல்லாத வீட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதினேன். வந்துவிட்டேன். நேற்று நீ கிளினிக்கில் இருந்த நேரம். அத்தை உன்னிடம் சொன்னார்களோ, மறந்தார்களோ. அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு வாரம் அழுதேன். சந்தோஷமான குரல் என்று நீ எழுதினதற்காகப் பாதி, மாவுக் கையோடு அத்தை முழங்கால் போட்டதற்காக மீதி. அப்புறம் பஸ் ஏறினேன்.

அத்தை கதவைத் திறந்ததும், "அவனை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?" என்று கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னை உட்கார வைத்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இளைச்சுட்டே. அவன்கூட மூணு வருஷம் மாரடிச்சிருக்கே. பெத்தவ எனக்கே அவன் கோபம் தாங்காது" என்றார்கள். சின்னவளே, அந்த மூன்று வருடத்தில் யாரும் இதை என்னிடம் சொன்னதில்லை. பாக்கியசாலி, பொறுமைசாலி என்றுதான் சொன்னார்கள்.

பிறகு ஜெபிக்கலாம் என்றார்கள். பக்கத்தில் முழங்கால் போட்டேன். அவர்கள் நன்றி சொன்னார்கள், நீ எழுதின அதே நன்றி. முடித்ததும் என் முறை. "வரல அத்தை" என்றேன். எதனால் என்று கேட்கவில்லை.

"வரலைன்னா சும்மா இரு. அவரு என்ன உன் வாயையா பாத்துக்கிட்டிருக்காரு?" என்றார்கள்.

சிரித்துவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு! அத்தையும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே. சும்மா இருந்தேன். முழங்கால் வலிக்கும் வரை இருந்தேன்.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். என் பையிலிருந்த நோட்டீஸை அத்தை பார்த்துவிட்டார்கள். "நீ சாட்சி சொல்றியா? என் பிள்ளைக்குச் சுகமானதைச் சொல்லப் போறியா? நானும் வருவேன்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 29

அண்ணிக்கு,

என்னைக் கேட்காமல் வந்தது தப்பு. அம்மா மறக்கவில்லை. எதையெதையோ மறக்கிறவள் இதை மட்டும் மறக்கவில்லை. நல்ல உடுப்பை எடுத்து நாற்காலியில் போட்டு வைத்திருக்கிறாள், தேதியைத் தினமும் கேட்கிறாள். கூட்டிவராமல் இருக்க முடியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் அண்ணன் இறந்ததைச் சொல்லாதீர்கள். ஆண்டவர் எங்கள் வீட்டுக்கு நல்லது செய்தார் என்று பொதுவாக நாலு வார்த்தை சொல்லி இறங்கிவிடுங்கள். சபை தனக்குத் தெரிந்தபடி எடுத்துக்கொள்ளும், அம்மா அவளுக்குத் தெரிந்தபடி எடுத்துக்கொள்வாள். நான் எட்டு மாதம் சொன்ன பொய்யில் நீங்கள் ஐந்து நிமிடம் சேர்ந்துகொள்ளுங்கள்.

சின்னவள்


மே 4

அன்புள்ள சின்னவளுக்கு,

சரி என்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. மாட்டேன் என்றும் எழுத முடியவில்லை.

சபையின் முன் அந்தப் பெரிய சகோதரியாகவே நின்று இறங்கினால், செத்துப்போன உன் அண்ணனை ஏணியாக்கி ஏறினவள் நான். நீ எழுதின மேடைதான் அது. உண்மையைச் சொன்னால், உன் அம்மாவின் பிள்ளையை அவர்கள் கண் முன்னாலேயே மைக்கில் சாகடிக்கிறவள். இரண்டில் எதைச் செய்தாலும் பாவம் போலிருக்கிறது.

நேற்று லீவு. பதினொரு மணிக்கு நடையில் குரல் வந்தது. வழக்கமாக வெளியே ஓடிவிடுவேன். நேற்று நடையிலேயே தரையில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை, கேட்கத்தான் எனக்குப் பயமாயிற்றே. நடந்ததை மட்டும் சொன்னேன். எடுத்துக்கொள்ளச் சொன்னதையும், பஸ்ஸில் வரும்போது இரண்டு நிமிடம் நிம்மதியாகக் கண் அயர்ந்ததையும், போனையும் சொன்னேன். அவர் பதில் சொன்னார் என்று சொல்லமாட்டேன். எழுந்து போய்விடவில்லை என்று மட்டும் தோன்றியது. பயம் போகவில்லை. பயத்தோடேயே உட்கார்ந்திருந்தேன்.

மைக் முன்னால் காகிதம் இல்லாமல் நான் உட்கார்ந்ததே கிடையாது. பத்தாம் தேதிக்கு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவரை நம்பி வெறுங்கையோடு வருகிறேன். அத்தையைக் கூட்டி வா. வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் கூட்டிவராதே. உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

உன் அண்ணி


மே 13

அன்புள்ள அண்ணி,

கூட்டம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மன்னியுங்கள். நீங்கள் மேடையில் இருந்தீர்கள், மூன்றாவது வரிசையில் நடந்தது உங்களுக்குக் கேட்டிருக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தீர்கள், வெகுநேரம் பேசவில்லை. மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பின்னால் யாரோ கையை ஆட்டினார்கள். அம்மா என் தொடையைத் தட்டி, "பயப்படுறா" என்றாள். பிறகு நீங்கள் ஆரம்பித்தீர்கள். அழுவீர்கள் என்று நினைத்தேன், அழவில்லை. வண்டி தாமதம் என்று சொல்கிற குரலில் சொன்னீர்கள்.

"என் வீட்டுக்காரர் போன ஆகஸ்ட்ல இறந்துட்டார். அன்னிக்குக் காலையில அவரை எடுத்துக்கச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேட்டது நான்தான். செய்தி வந்ததும் ஸ்தோத்திரம்னு வாயில வந்துடுச்சு. நீங்க நினைக்கிற விசுவாசம் இல்லை அது. என்னன்னு எனக்குத் தெரியலை. அவருக்குத் தெரியும். அதை நம்பித்தான் நிக்கிறேன்."

ஒரு ஆமென்கூட இல்லை. பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்த நிமிடம் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கியிருப்பேன்.

அம்மா என் பக்கம் திரும்பி, "யாரு இறந்துட்டதா சொல்றா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துப் புரிந்துகொண்டாள். அப்போதுதான் அந்தச் செய்தி அவளுக்கு வந்து சேர்ந்தது. அம்மா, "ஸ்தோத்திரம்" என்றாள்.

அண்ணி, அதே குரல். பளிச்சென்று, அன்று நீங்கள் சொன்ன அதே குரல். பக்கத்து அறையில் இருந்து கேட்டிருந்தால் நான் மறுபடியும் இரண்டு தெரு ஓடியிருப்பேன். ஆனால் இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் சந்தோஷம் ஒரு துளி இல்லை. கண் எதையும் பார்க்கவில்லை. கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, நகம் பதிந்து இரத்தம் கட்டிவிட்டது. ஈறில் ஊசி இறங்கும்போது நோயாளிகள் இப்படித்தான் என் கையைப் பிடிப்பார்கள். என்மேல் பிரியமா? பிடிக்க வேறு எதுவும் பக்கத்தில் இருக்காது, அதுதான். அம்மாவுக்கு அந்த நொடியில் கைக்கு என் மணிக்கட்டு கிடைத்தது, வாய்க்கு அந்த வார்த்தை கிடைத்தது.

எந்தக் குரல் என்று கேட்டீர்களே, இந்தக் குரல்தான். சந்தோஷம் என்று தப்பாக எழுதிவிட்டேன். நீங்கள் களைத்துப்போய், விட்டால் போதும் என்று இருந்ததும் உண்மையாகத்தான் இருக்கும். அதை இனி நான் கேட்கமாட்டேன். விழும்போது நீங்கள் யாரைப் பிடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அம்மா எழுந்து முழங்கால் போட்டு, "என் பிள்ளையைச் சுகமாக்கினீங்களே" என்று ஆரம்பித்தாள். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். புதிதாகக் கேட்பவள் போலக் கேட்டாள். அதே வார்த்தையை அதே குரலில் சொன்னாள். நேற்றும் அப்படியே. இன்றும் அப்படியே. என் அண்ணன் தினமும் காலையில் இந்த வீட்டில் புதிதாகச் சாகிறான்.

நாளைக்கும் கேட்பாள். சொல்வதா, விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலைத் தனியாகக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. வாரக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம், கடிதம் கிடைத்ததும் புறப்படுங்கள். மாற்றுத்துணி நிறைய எடுத்து வாருங்கள்.

உங்கள் சின்னவள்